காசு வாங்காத ஏஜென்ட்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. இன்டர்நெட்ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை தேடி எடுத்து, மத்தியானம் மூணு மணிக்குள்ள பிரின்ட் போட்டுக் குடுக்கணும்.

அவ்ளோதான். இந்த ஒரு வேலைக்கு பஜார் ரோட்ல பஸ்ஸே போக முடியாம நிறுத்தி வெச்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

மரக்காணம் பஜார்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஒரு கம்ப்யூட்டரு, ஒரு மெஷினு. ஜெராக்ஸும் அதுல தான், பிரின்ட்டும் அதுல தான். ஆதார் அட்ரஸ் மாத்துறது, ஈபி பில்லு கட்டுறது எல்லாம் பண்ணித் தர்றதால ஊர்ல எனக்கு 'கம்ப்யூட்டர் ஜெசி'ன்னு பேரு. அந்தப் பேரை காப்பாத்தணும்னு ஒரு வீம்பு வேற. அதான் எனக்கு வியாதி.

பிரின்ட்டு யாருக்குன்னா, ரீட்டா அக்காவுக்கு.

ரீட்டா அக்கா எங்க கோயில் தெரு. இருபத்தி ரெண்டு வருஷமா உப்பளத்துல உப்பு வார்றாங்க. பாத்தி பூரா வெள்ளை வெளேர்னு உப்பு, மேல வெயிலு. மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை. நாம அஞ்சு நிமிஷம் நின்னா கண்ணைத் தொறக்க முடியாது. அவங்க காலையில போனா மத்தியானம் வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நிப்பாங்க.

போன மாசம் கண்ணுல தண்ணி முட்டி, வரப்பு தெரியாம கால் வெச்சு, பாத்திக்குள்ள விழுந்துட்டாங்க. முழங்கை தோலு வழண்டு போச்சு. அந்தக் காயத்துல உப்புத்தண்ணி. வலி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

மேஸ்திரி வந்து பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "உனக்கு வயசாயிடுச்சு ரீட்டா. அடுத்த மாசத்தோட நின்னுக்க."

வயசா? நாப்பத்தி ஏழு! மேஸ்திரிக்கு அறுபத்தி ரெண்டு. அவரு நிக்கலியே!

அக்காவும் கூட வேலை பாக்குற பதினோரு பேரும் சேந்து மனு எழுதினாங்க. வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, எல்லாருக்கும் கூலிங் கிளாஸ் வாங்கித் தரணும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு பாக்கணும். மனு டைப் அடிச்சது நான் தான். எடுத்துக்கிட்டு மனு வாங்குற முகாமுக்குப் போனாங்க.

அங்க உக்காந்திருந்த ஆபீசரு படிச்சுப் பாத்துட்டு சிரிச்சாராம். "கூலிங் கிளாஸா? எதுக்கு, சினிமாவுல நடிக்கவா?"

அப்புறம் சொன்னாராம். "வெயில்ல எல்லாருக்குந்தான் கண்ணு கூசும். உப்பளத்தால தான் கூசுதுன்னு ஆதாரம் இருக்கா? ஆராய்ச்சி கீராய்ச்சி பண்ணி யாராவது எழுதியிருந்தா, அடுத்த முகாமுக்கு சேத்துக் கொண்டாங்க."

அந்த அடுத்த முகாம் தான் நேத்து மூணு மணிக்கு மேல. அக்கா அப்பவே நேரா என் கடைக்கு வந்தாங்க. "ஏம்மா ஜெசி, ஆராய்ச்சின்னா எங்க கிடைக்கும்?"

ரேஷன் கடையில கேக்குற மாதிரி கேட்டாங்க. நான் தெரியலன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? "இது என்னக்கா பெரிய விஷயம்! நான் எடுத்துத் தர்றேன்"னு சொன்னேன். வாயில சனி.

தேடிப் பாத்தா, ஒவ்வொரு கட்டுரைக்கும் வாசல்ல பூட்டு தொங்குது. காசு கட்டுனா தான் உள்ள விடுவானாம். உப்பு வார்றவங்க கண்ணைப் பத்தி எழுதிட்டு, அதை உப்பு வார்றவங்களே படிக்க முடியாம பூட்டி வெச்சிருக்கான். நல்லா இருக்குதுல்ல?

சரின்னு ஏஐ கிட்ட கேட்டேன். கேட்ட நிமிஷத்துல மூணு கட்டுரை குடுத்துச்சு. டாக்டர் பேரு, வருஷம், பக்க நம்பர் எல்லாம் பக்காவா. லிங்க்கை தட்டினா ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு தட்டினேன். அதுவும் இல்ல. மூணுமே பொய்யி!

"ஏன் பொய் சொன்னே?"ன்னு கேட்டா, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான்"னுது. எங்க வீட்டுக்காரரு கூட இவ்ளோ சுளுவா ஒத்துக்க மாட்டாரு.

அப்பத்தான் ஒரு வீடியோ பாத்தேன். ஏஐ ஏஜென்ட்டுன்னு ஒண்ணு இருக்குதாம். நாம ஒரு வேலையை சொல்லிட்டா, அதுவா போயி தேடும், படிக்கும், எடுத்துட்டு வரும். அந்த ஏஜென்ட்டு கூட ஒரு டூலை சேத்து விட்டுட்டா, உலகத்துல காசில்லாம தொறந்து கிடக்குற ஆராய்ச்சியை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்துடுமாம். இல்லாதத இருக்குதுன்னு புளுகாது. தொறந்து கிடக்குறதுக்குப் பேரு ஓப்பன் ஆக்சஸ்ஸு.

ரெண்டு நாளு குந்திக்கிட்டு அதை கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். நடுவுல ரெண்டு தடவை கம்ப்யூட்டரே படுத்துடுச்சு. கடைசியில ஏறிடுச்சு! எனக்கு ஏரோப்பிளேன் ஓட்டுன மாதிரி ஒரு திமிரு. ஆராய்ச்சிக் கட்டுரையை படிச்சவங்க 'பேப்பரு'ன்னு சொல்வாங்களாம். நானும் அதுலேர்ந்து வாயைத் தொறந்தா ஏஜென்ட்டு, பேப்பரு, ஓப்பனு. இந்த மூணு வார்த்தை தான்.

நேத்து காலையில பத்து மணிக்கு கடையைத் தொறந்து, ஏஜென்ட்டை எழுப்பி உக்கார வெச்சேன். தமிழ்லயே கேப்போம்னு, 'உப்பளம் கண் எரிச்சல் ஆராய்ச்சி வேணும்'னு அடிச்சேன்.

"நிச்சயமாக! இதோ தேடுகிறேன்"ன்னு போச்சு. திரும்பி வந்து, பாண்டிச்சேரி உப்பளம் ஏரியாவுல சாக்கடை எப்படி ஓடுதுன்னு ஒண்ணு குடுத்துச்சு.

அந்த உப்பளம் இல்லடா இது! அது ஊர் பேரு, இது உப்பு விளையிற எடம்!

சரி, பாத்தின்னு சொல்லிப் பாப்போம்னு 'பாத்தியில வேலை செய்யுறவங்க கண்ணு'ன்னு அடிச்சேன். ரோஜாச் செடிக்கு பாத்தி கட்டுறது எப்படின்னு கொண்டாந்துச்சு. இங்கிலீஷ்ல 'சால்ட் பேன்'னு அடிச்சேன். வாணலியில உப்பு கம்மியா போட்டு சமைச்சா பிரஷர் வராதுன்னு சொல்லுச்சு.

"அருமையான கேள்வி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

எனக்கு பிரஷர் ஏறிடுச்சு.

மணி பதினொண்ணு. அப்ப கடைக்கு கபூர் பாய் வந்தாரு. எதுத்தாப்புல ஃபேன்சி ஸ்டோர் வெச்சிருக்கிறவரு. சொந்த ஊரு கோட்டக்குப்பம். ரெண்டு பசங்க குவைத்துல இருக்காங்க. மூணாவது பையனை அனுப்புறதுக்கு பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு.

"உக்காருங்க பாய், ஒரு நிமிஷம்"னேன். அந்த நேரம் பாத்து ரீட்டா அக்கா போன் பண்ணாங்க. அளத்துல காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கல. ஸ்பீக்கர்ல போட்டு கத்துனேன்.

"ஏம்மா ஜெசி, பேப்பர் வந்துச்சா?"

"ஏஜென்ட் கிட்ட சொல்லியிருக்கேன்க்கா! மூணு மணிக்குள்ள பேப்பர் கைக்கு வந்துடும்!"

"காசு ஏதாவது கேப்பானா?"

"சல்லிக்காசு கிடையாது! எல்லாம் ஃப்ரீ! ஓப்பன் ஆக்சஸ்ஸு!"

போனை வெச்சுட்டு திரும்பினா, கபூர் பாய் என்னையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு.

"ஏம்மா, காசு வாங்காத ஏஜென்ட்டா?"

"ஆமா பாய்."

"துனியாவுல அப்படி ஒருத்தன் இருக்கானா? எந்த ஊருக்காரன்?"

நான் கம்ப்யூட்டர்லேர்ந்து கண்ணை எடுக்காம பதில் சொன்னேன். "அமெரிக்காக்காரன்னு நினைக்கிறேன் பாய். எங்க இருந்தா என்ன? ராத்திரி பகல்னு பாக்க மாட்டான். தூங்கவே மாட்டான்."

"மாஷா அல்லாஹ்! எத்தனை பேருக்கு பேப்பர் போட்டுக் குடுப்பான்?"

"கேட்டா நூறு கூட குடுப்பான்."

"பொய்ப் பேப்பர் ஒண்ணும் இல்லியே?"

"அது முன்னாடி இருந்தவன் பாய். மூணு குடுத்தான், மூணும் பொய்யி. இவன் சுத்தம்."

"எல்லாருக்கும் குடுப்பானா, இல்ல ஆள் பாத்துத்தானா?"

"இப்பத்திக்கு உப்பளத்துல வேலை பாக்குறவங்களுக்குத்தான் கேட்டிருக்கேன். அவங்களுது முடியட்டும், அப்புறம் யாருக்கு வேணாலும் கேக்கலாம்."

பாய் அப்படியே எழுந்து போயிட்டாரு. பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கூட இல்ல. என்னடா அவசரம்னு நினைச்சேனே தவிர, எதுக்குன்னு யோசிக்கல.

நீங்க கடற்கரை ஓரத்துல ஒரு வாரம் இருந்து பாத்தா தெரியும். எங்க ஊர்ல ஏஜென்ட்டுன்னா ஒரே அர்த்தம் தான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறவன். பேப்பருன்னாலும் ஒரே அர்த்தம் தான். விசா. 'பேப்பர் வந்துடுச்சா?'ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிறது வணக்கம் சொல்ற மாதிரி. பொறந்ததுலேர்ந்து இங்கயே இருக்குற எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா நேத்து நான் ஆராய்ச்சியாளர் ஆயிட்டேன்ல!

பதினொண்ணரைக்கு ஒரு தம்பி வந்தாரு. "பாஸ்போர்ட் ஜெராக்ஸ், ரெண்டு காப்பி." எடுத்துக் குடுத்தேன். பின்னாடியே இன்னொருத்தரு. அவருக்கும் பாஸ்போர்ட். அப்புறம் அளத்துலேர்ந்து நாலு பேரு, காலெல்லாம் உப்போட. அவங்களுக்கும் பாஸ்போர்ட். ஒரு அம்மா பாஸ்போர்ட் இல்லன்னு ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்டிபிகேட்டு ரெண்டையும் நீட்டுனாங்க.

"எதுக்கும்மா ஞானஸ்நானம்?"

"இருக்கட்டும்மா. எதைக் கேப்பாங்களோ யாரு கண்டா."

நான் என்ன நினைச்சேன்? 'மாதாவே, இன்னைக்கு நல்ல வியாபாரம்'னு நினைச்சேன். ஒரு கை ஜெராக்ஸ் எடுக்குது, இன்னொரு கை ஏஜென்ட்டுக்கு டைப் அடிக்குது. மூளை மட்டும் ரெண்டுலயும் இல்ல.

வரிசை வாசலைத் தாண்டிடுச்சு. கிளியனூர்லேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆளு வந்து எறங்குறாங்க. ஆட்டோக்காரரு வண்டியை நடு ரோட்ல போட்டுட்டு அவரும் வரிசையில நிக்கிறாரு.

"மேடம், ஓப்பன் ஆக்சில் கம்பெனின்னா லாரி வேலையா? எனக்கு ஹெவி லைசென்ஸும் இருக்குது."

"அது ஆக்சில் இல்லைங்க, ஆக்சஸ்ஸு"ன்னு திருத்தினேன். என் அறிவைப் பாருங்க! வார்த்தையைத் திருத்தினேனே ஒழிய, ஏன் கேக்குறீங்கன்னு கேக்கல.

அவரு திரும்பி வரிசையைப் பாத்து கத்துனாரு. "ஆக்சில் இல்லியாம்பா! ஆக்சஸ் கம்பெனியாம்! ஓப்பனிங் இருக்குதாம்!"

பின்னாடி பஸ்ஸு ஹாரன் அடிக்குது.

பன்னெண்டே முக்காலுக்கு எங்க வீட்டுக்காரரு சோத்து கேரியர் எடுத்துக்கிட்டு வந்தாரு. வாசல்லயே அவரை நிறுத்தி, "அண்ணே, வரிசையில வாங்க"ன்னுட்டாங்க. பேச்சுக் குடுத்து, விஷயத்தைக் கேட்டுக்கிட்டு, பொறுமையா உள்ள வந்தாரு.

"ஜெசி, எல்லாரும் குவைத்து போறாங்களாம்."

"யாரு?"

"வெளிய நிக்கிறவங்க எல்லாம். அங்க புதுசா உப்பளம் தொறக்குறாங்களாம். உப்பு வாரத் தெரிஞ்சவங்களுக்கு ஃப்ரீ விசாவாம். மூணு மணிக்கு பேப்பர் கையில வந்துடுமாம். நீ தான் அனுப்புறியாம்."

கேரியரை மேசை மேல வெச்சாரு. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா. எனக்கும் ஒண்ணு சொல்லு."

சேசு மரியே சூசையே! எனக்கு அப்பத்தான் தலையில இடி இறங்குச்சு. கபூர் பாய் கேட்ட ஒவ்வொரு கேள்வியும், நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் வரிசையா வந்து நின்னுச்சு.

ஸ்டூல் மேல ஏறினேன். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! ஏஜென்ட்டுன்னா ஆளு இல்லைங்க! கம்ப்யூட்டரு! பேப்பருன்னா விசா இல்ல! ஆராய்ச்சிக் கட்டுரை! படிக்கிற பேப்பரு!"

கூட்டத்துல ஒரு பெரியவரு கேட்டாரு. "படிக்கிற பேப்பரை வெச்சுக்கிட்டு குவைத்துல எறங்க விடுவானா?"

"குவைத்தே இல்லைங்க ஐயா!"

"அப்ப துபாயா?"

இன்னும் பத்து நிமிஷம் கத்துனேன். தொண்டை கட்டிடுச்சு. நம்பாதவங்க பாதி பேரு. 'வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் குடுக்கப் போறா'ன்னு ஒரு கும்பல் பேசிக்கிட்டே போச்சு. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்குது?

கபூர் பாய் மட்டும் கடைசியா வந்தாரு. முகம் வாடிப் போச்சு.

"ஏம்மா, அப்ப தூங்காதவன், காசு வாங்காதவன்னு சொன்னதெல்லாம் இந்தப் பொட்டியா?"

"ஆமா பாய். மன்னிச்சுக்கங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்! நான் அந்த மனுஷன் நல்லா இருக்கணும்னு துவா கேட்டுட்டேனேம்மா!"

ஏற்கெனவே ரெண்டு பசங்களை அனுப்புறதுக்கு ஏஜென்ட்டு கிட்ட அவரு பட்ட பாடு எனக்குத் தெரியும். சிரிக்கவும் முடியல. அவருக்கு என் சாப்பாட்டுலேர்ந்து ரெண்டு வஞ்சிர வறுவலை எடுத்து வெச்சேன். சாப்பிட்டுட்டு தான் போனாரு.

மணி ஒண்ணே முக்கால். திரும்பி ஏஜென்ட்டு முன்னாடி உக்காந்தேன். இந்தத் தடவை புத்திசாலித்தனமா எதுவும் பண்ணல. ரீட்டா அக்காவுக்கு போன் போட்டு, "உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு உங்க வாயால சொல்லுங்கக்கா"ன்னேன்.

"வெள்ளையையே பாத்துப் பாத்து கண்ணு கூசுது. தண்ணியா ஊத்துது. ராத்திரி கண்ணை மூடினாலும் உள்ள வெள்ளையாவே தெரியுது. உப்பு பொடி வேற பறந்து விழுது."

அப்படியே அடிச்சேன், ஒரு எழுத்து மாத்தாம. ஏஜென்ட்டு போச்சு. ரொம்ப நேரம் ஆளையே காணோம். அப்புறம் வந்து, "காசில்லாமல் படிக்கக்கூடிய ஒரு கட்டுரை கிடைத்தது"ன்னுச்சு.

லிங்க்கை தட்டினேன். தொறந்துச்சு! பூட்டு இல்ல! பன்னெண்டு பக்கம், உப்பளத்துல வேலை பாக்குறவங்க கண்ணைப் பத்தி மட்டும். கைதட்டி கத்திட்டேன். நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

பிரின்ட் குடுத்தேன்.

முதல் பக்கம் சாம்பல் கலர்ல வந்துச்சு. ரெண்டாவது பக்கம் அதுக்கும் மட்டம். மூணாவது பக்கத்துல எழுத்து இருக்குதான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா தான் தெரியுது.

மெஷினு கத்துச்சு. மை தீந்து போச்சு.

ஊருக்கே பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்தேன்ல! பாஸ்போர்ட்ல போட்டோ வேற கறுப்பா இருக்குமே, மொத்த மையையும் குடிச்சிடுச்சு. ஞானஸ்நான சர்டிபிகேட்டு கூட பளிச்சுன்னு விழுந்துச்சு. ஆராய்ச்சி தான் விழல.

டோனர் டப்பாவை எடுத்து குழந்தையைத் தாலாட்டுற மாதிரி ஆட்டினேன். தட்டினேன். வெயில்ல வெச்சேன். எங்க வீட்டுக்காரரு, "இன்னொரு தரம் ஆட்டுனா தூங்கிடும்"னாரு. பக்கத்துல வேற ஜெராக்ஸ் கடை இருக்குது. ஆனா மத்தியானம் ஒண்ணரைக்கு ஷட்டரை எறக்கிட்டா நாலு மணிக்குத்தான் ஏத்துவான். எப்படியோ பன்னெண்டு பக்கமும் எடுத்தேன். பேய் எழுதின மாதிரி இருந்துச்சு.

மூணு மணிக்கு ரீட்டா அக்கா வந்தாங்க. காகிதக் கட்டை வாங்கிப் பாத்தாங்க.

"எழுத்து எங்கம்மா?"

"இருக்குதுக்கா. கொஞ்சம் சன்னமா இருக்குது."

கட்டை கக்கத்துல வெச்சுக்கிட்டு முகாமுக்குக் கிளம்பிட்டாங்க. நானும் கூடவே போனேன். பயத்துல போனேன்னு வெச்சுக்கங்க. இந்தக் காகிதம் போணியாகலன்னா அக்காவுக்கு அடுத்த மாசம் வேலை இல்ல. நான் ஆகாசத்துல பறந்ததுக்கு அவங்க ஏன் கீழ விழணும்?

முகாம்ல அதே ஆபீசரு. மனுவைப் பாத்தாரு, கட்டை வாங்கினாரு.

"இது ஜெராக்ஸா? ஒரிஜினல் எங்க?"

"சார், இது ஓப்பன் ஆக்சஸ்ஸு சார். இன்டர்நெட்ல தான் இருக்குது. ஒரிஜினல்னு ஒண்ணு கிடையாது."

"ஒரிஜினல் இல்லாம எப்படிம்மா? சரி, காப்பின்னா கையெழுத்து வாங்கியிருக்கணும்ல?"

"யாருகிட்ட சார் கையெழுத்து? எழுதின டாக்டரு எந்த நாட்டுல இருக்காரோ!"

அவரு முதல் பக்கத்தைப் பிரிச்சாரு. கண்ணாடியை மாட்டினாரு. கழட்டித் தொடைச்சு மறுபடி மாட்டினாரு. காகிதத்தை மூக்கு கிட்ட கொண்டு போனாரு, தூரமா புடிச்சாரு. ஜன்னல் பக்கம் திரும்பி வெயில்ல காட்டிப் படிச்சாரு. ரெண்டாவது பக்கம். மூணாவது பக்கம். முகம் சுளிச்சுக்கிட்டே இருக்குது. நாலாவது பக்கத்துல காகிதத்தை மேசையில போட்டுட்டு, ரெண்டு கண்ணையும் கசக்குனாரு.

"என்னம்மா இது! வெள்ளைக் காகிதத்தைக் குடுத்து படின்னா எப்படி? கண்ணு வலிக்குது. பாரு, தண்ணியே வருது!"

எனக்கு தரையில ஓட்டை இருந்தா பூந்துக்கலாம்னு ஆயிடுச்சு.

ரீட்டா அக்கா அப்பத்தான் வாயைத் தொறந்தாங்க. ரொம்ப மரியாதையா, மெதுவா.

"வெள்ளையைப் பாத்தா அப்படித்தாங்க ஐயா இருக்கும். நீங்க பாத்தது அஞ்சு நிமிஷம்."

ஹால்ல மனு குடுக்க வந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. யாரோ பின்னாடி சிரிச்சாங்க. ஆபீசரு கண்ணைக் கசக்குன கை அப்படியே நின்னுடுச்சு.

அப்புறம் பேனாவை எடுத்தாரு. சரி, ஏதோ நடக்கப் போகுதுன்னு நான் எட்டிப் பாத்தேன். மனு மேல 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது'ன்னு எழுதினாரு. முத்திரை குத்துனாரு. மேல எங்க, யாருக்கு, எப்பன்னு எதுவும் இல்ல.

இதுக்கா நான் ரெண்டு நாளு கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டினேன்?

அவரு திருப்பிக் குடுத்த கட்டை எடுத்துக்கிட்டு வெளிய வந்தோம். புளிய மரத்தடியில மேஸ்திரி நிக்கிறாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் போயி. அளத்துலேர்ந்து நேரா வர்றாரு போல.

"ரீட்டா, நில்லும்மா."

காலையில வரைக்கும் வெறும் ரீட்டா. இப்ப ரீட்டா, 'ம்மா' வேற.

"என்ன மேஸ்திரி?"

"நீயும் குவைத்து போறியாமே? பேப்பர் வந்துடுச்சாமே?"

அக்கா கையில பன்னெண்டு பக்கம் கட்டு. மேஸ்திரி அதையே பாக்குறாரு. நான், "அது வந்து மேஸ்திரி..."ன்னு ஆரம்பிச்சேன். அக்கா என் கையை ஒரு கிள்ளு கிள்ளுனாங்க பாருங்க. இன்னும் அந்த எடம் கன்னிப் போயிருக்குது.

"பேப்பர் வந்துடுச்சு மேஸ்திரி"ன்னாங்க. அதுல ஒரு பொய்யும் இல்லியே!

"ஐயோ, சீசன் நேரத்துலயாம்மா? அளத்துல பாதிப் பேரு ஜெராக்ஸ் எடுக்கப் போயிட்டாங்க. நாளைக்கு மழை கிழை வந்தா விளைஞ்ச உப்பெல்லாம் கரைஞ்சு போயிடும். இருபத்தி ரெண்டு வருஷம் பழகின கை உன்னுது. நான் யாரை வெச்சு வார்றது?"

"எனக்குத்தான் வயசாயிடுச்சே."

"யாரு சொன்னா?"

அக்கா அவரையே பாத்தாங்க. அவரு தரையைப் பாத்தாரு.

"வேலைக்கு வாம்மா. வரப்புல விழுந்ததை நான் மனசுல வெச்சுக்கல."

"கண்ணு தெரியாம தான் மேஸ்திரி விழுந்தேன். அங்கன்னா மொத நாளே கண்ணாடி குடுத்துடுவாங்களாம்."

எங்கேக்கா? எந்த அங்க? நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்.

"கண்ணாடி தானே! நான் வாங்கித் தர்றேன்."

"பன்னெண்டு பேருக்கும்?"

"பன்னெண்டு பேருக்கும்."

"யோசிச்சு சொல்றேன் மேஸ்திரி"ன்னுட்டு அக்கா நடந்தாங்க. தெருமுனை திரும்பினதும் என் தோளைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். இது வேற தண்ணி.

இன்னைக்கு காலையில கடையைத் தொறந்ததும் ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'இங்கே ஏஜென்ட் இல்லை. விசா கிடைக்காது.' மாட்டிட்டு திரும்பல, ஒருத்தரு வந்து காதுக்குள்ள கேக்குறாரு. "வெளிய அப்படித்தான் எழுதணும், எனக்குத் தெரியும். உள்ள ஆளு இருக்காரு இல்ல?"

அவரை அனுப்பி வெச்சா, ரீட்டா அக்கா நிக்கிறாங்க. மூஞ்சி பாதியை மூடுற மாதிரி பெரிய கூலிங் கிளாஸ். பாண்டிக்கு பைக்ல போயி ராத்திரியே வாங்கிட்டு வந்துட்டாராம் மேஸ்திரி. பன்னெண்டும் ஒரே மாடலு.

"எப்படிக்கா இருக்குது?"

"குளுகுளுன்னு இருக்குதும்மா. அளத்துல நின்னு பாத்துட்டு தான் வர்றேன். வரப்பு, பாத்தி, வாய்க்காலு, எல்லாம் தனித்தனியா தெரியுது."

சொல்லிட்டு, நேத்து மேசை மேலயே விட்டுட்டுப் போன அந்த பன்னெண்டு பக்கத்தையும் எடுத்து, கிட்ட வெச்சு, தூர வெச்சுப் பாத்தாங்க.

"உன் பிரின்ட்டு மட்டும் இதுலயும் தெரியல."